எதேச்சையாக யார்க் பக்கம்

காலையில் ஹல் நகரத்திலிருந்து கிளம்பிய ரயில், செல்பிக்கு வெளியே இருபது நிமிடம் காரணம் சொல்லாமல் நின்றது. பெட்டியில் இருந்த முப்பது பேரும் ஜன்னல் வழியே ஒரு முட்டைக்கோஸ் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவராவது எழுந்துபோய் ஏன் என்று கேட்க வேண்டுமே! கேட்கமாட்டார்கள். எங்கள் ஆட்கள் பெருமூச்சு விடுவார்கள், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், எதிரில் இருப்பவரிடம் புருவத்தை உயர்த்திக் காட்டுவார்கள். அதற்கு மேல் போனால் குடிமுழுகிவிடும் என்று நினைப்பு. நெவிலும் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். ஆனால் கை மட்டும் அடிக்கடி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது.

அவன் சட்டைப் பையில் மகள் ஹேசல் அனுப்பிய அட்டை இருந்தது. ஆறு வருஷமாக கிறிஸ்துமஸ் வாழ்த்தில் வெறும் பெயரை மட்டும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவள், செப்டம்பரில் இந்த அட்டையில் நாலு வரி எழுதியிருந்தாள். "யார்க்கில் ஃபாஸ்கேட் தெருவில் சின்னதாக ஒரு டீக்கடை நடத்துகிறேன். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமையோடு மூடிவிட்டு, நானும் பென்னும் குழந்தை மேபலும் கனடாவுக்கே போய்விடுகிறோம். எதேச்சையாக யார்க் பக்கம் வர நேர்ந்தால் எட்டிப் பாருங்கள். சனிக்கிழமைகளில் மூன்று மணி வரை திறந்திருக்கும். கட்டாயம் ஒன்றுமில்லை." அடியில் ஒரு போன் நம்பர்.

இன்றுதான் அந்தக் கடைசிச் சனிக்கிழமை.

சண்டை பெரிய ரகசியம் இல்லை. நெவிலின் மனைவி அவனை விட்டுப் போய் வேறொருவனைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாணத்தில் ஹேசல் அம்மாவுக்குப் பக்கத்தில் பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் நெவில் போன் பண்ணி, "ரெண்டு பக்கமும் நிக்க முடியாது. எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிக்கோ, இல்லன்னா எனக்குப் பொண்ணே கிடையாது" என்றான். அவள் போனை வைத்துவிட்டாள். அவ்வளவுதான். அப்புறம் குழந்தை பிறந்தது, அதுவும் அட்டையில் புதிதாக ஒரு பெயர் சேர்ந்தபோதுதான் தெரிந்தது. பேத்திக்கு இப்போது நாலு வயது. நெவில் அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

நம்பர்தான் கையில் இருக்கிறதே, கூப்பிட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும்தான். ஆனால் அவள் 'எதேச்சையாக வர நேர்ந்தால்' என்றல்லவா எழுதியிருக்கிறாள்? அப்படியானால் எதேச்சையாகத்தான் வர வேண்டும் என்பது நெவிலின் கணக்கு. அதற்காகவே பறந்தடித்துக்கொண்டு போய் நின்றால் அவளுக்குச் சங்கடம், இவனுக்கும் சங்கடம். யோசித்து யோசித்தே ஐந்து சனிக்கிழமைகளை ஓட்டினான். கடைசியில், பள்ளிக்கூட நாளிலிருந்து கூட இருக்கும் ட்ரெவரைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை யார்க் போயி சும்மா நடந்து சுத்திட்டு வரலாமா?" என்று கேட்டான். ஓய்வுபெற்ற தபால்காரன் ட்ரெவருக்கு நடப்பதென்றால் உயிர். விஷயத்தை அவனிடமும் சொல்லவில்லை. கூட ஒரு ஆள் இருந்தால் எதேச்சைக்கு எதேச்சையும் ஆயிற்று, துணைக்குத் துணையும் ஆயிற்று.

யார்க் நிலையத்துக்கு வெளியே தூறல். இருவரும் கூரைக்குக் கீழே நின்றார்கள்.

"எங்க போலாம்?" என்றான் ட்ரெவர்.

"எனக்கு எதுனாலும் சரி. உனக்கு?"

"எனக்கும் எதுனாலும் சரிதான்."

"இல்ல, நீ சொல்லு."

"உன் இஷ்டம்டா. நீதானே வரலாம்னு கூப்பிட்ட?"

இப்படியே ஐந்து நிமிடம் போயிற்று. ஃபாஸ்கேட் தெருவுக்கு அங்கிருந்து இருபது நிமிட நடை. "ஃபாஸ்கேட் போகலாம்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மணி பதினொன்றரைதான் ஆகியிருந்தது. இவ்வளவு சீக்கிரம் போனால் விழுந்தடித்து வந்ததுபோல் இருக்காதா? இரண்டு, இரண்டேகாலுக்குப் போனால், நடந்து களைத்தவர்கள் ஒரு டீ குடிக்க ஒதுங்கினதுபோல் பாந்தமாக இருக்கும். அதுவரை பொழுதைப் போக்க வேண்டும்.

பாலத்தைத் தாண்டி ஓவியக் கூடத்து முன்னால் உள்ள சதுக்கத்துக்கு வந்தபோது ட்ரெவர் ஒரு பலகையைப் பார்த்தான். ஊரை நடந்தே சுற்றிக் காட்டுவார்களாம். தொண்டர்கள்தான், இலவசம். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடியும்.

"இதுல சேர்ந்துக்கலாமா? உனக்குப் பிடிக்கலன்னா வேணாம்."

பன்னிரண்டு முதல் இரண்டு! நெவிலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. "ஓ, பேஷா போலாமே" என்றான். வலியப் போய் வலைக்குள் கால் விட்டான் மனுஷன்.

பன்னிரண்டு மணிக்கு மழை வலுத்தது. சதுக்கத்தில் வேறு ஒரு ஈ காக்கை இல்லை. எண்பது வயதுக்காரர் ஒருவர், கையில் பெரிய குடை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, நனைந்த தொப்பியோடு நின்றிருந்தார். இவர்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்ததும் நெவிலுக்குப் பகீரென்றது. நாற்பது பேர் கூட்டமென்றால் நடுவில் நழுவிவிடலாம். இரண்டே பேர் வந்தால் எப்படி நழுவுவது?

"இன்னிக்கு யாரும் வரமாட்டாங்கன்னு நெனச்சேன். வாங்க, வாங்க! நான் சிரில். மழைக்குப் பயப்படாத ஆளுங்களைப் பார்த்தே ரொம்ப நாளாச்சு."

ரோமானியர் கட்டிய கோபுரத்தில் தொடங்கினார். ஒவ்வொரு கல்லாகச் சொன்னார். கல்லை வெட்டியவன், சுமந்தவன், திருடியவன், திருடியவனைப் பிடித்தவன், ஒருவரையும் விடவில்லை. இடிந்த துறவிமடத்தில் துறவிகள் என்ன சாப்பிட்டார்கள் என்பதற்கே கால் மணி. ட்ரெவர் "அடடா", "அப்படியா!" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நெவில் வேகமாகத் தலையாட்டினான். தலையாட்டினால் சீக்கிரம் முடியும் என்று அவன் நினைப்பு. சிரிலோ, ஆள் ஆர்வமாகக் கேட்கிறார் என்று இன்னும் விவரமாக ஆரம்பித்தார்.

மணி இரண்டு ஆயிற்று. பேராலயத்துக்கு எதிரே சிரில் நின்றார்.

"முறைப்படி நம்ம சுற்று இங்க முடிஞ்சுது" என்றார். நெவிலுக்கு உயிர் வந்தது. "ஆனா நீங்க ரெண்டு பேருதானே! இவ்ளோ ஆசையா வேற கேக்குறீங்க. கூட்டமா வந்தா நான் காட்டாத எடமெல்லாம் இருக்கு. ஊரைச் சுத்தியிருக்கிற பழைய மதில் மேல ஒரு நடை போயிட்டு வந்துரலாமா?"

நெவில் வாயைத் திறந்தான். "இல்லீங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம், உங்க நேரத்த நாங்க எடுத்துக்கக் கூடாது" என்றான். எங்கள் ஊரில் இதற்கு, ஆளை விடு சாமி என்று அர்த்தம். பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"நேரத்துக்கு என்னங்க? மார்ச்லேருந்து வீட்ல நான் தனி ஆளு. ஐம்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவ போயிட்டா. சனிக்கிழமை வந்தா இதான் எனக்கு வேலை."

இதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? நெவில் ட்ரெவரைப் பார்த்தான், நீயாவது ஏதாவது சொல்லித் தொலை என்று. ட்ரெவர் அந்தப் பார்வையை வேறுவிதமாகப் புரிந்துகொண்டான். "உங்களுக்குச் சிரமம் இல்லன்னா எங்களுக்கு சந்தோஷம்தான்" என்றான். நெவிலுக்கு அவன் கழுத்தை அங்கேயே நெரிக்கலாம்போல் இருந்தது.

மதிலில் ஒரு தொல்லை உண்டு. ஒரு வாசலில் ஏறினால் அடுத்த வாசலில்தான் இறங்கலாம். நடுவில் படி கிடையாது. ஏறியது இரண்டு பத்துக்கு. பத்து நிமிடத்தில் கடக்கக்கூடிய தூரம். சிரில் மூன்று அடிக்கு ஒருமுறை நின்றார்.

இரண்டேகாலுக்கு நெவில் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், அவர் கண்ணில் படும்படி கையை உயர்த்தியே பார்த்தான். "அட, நல்ல கடிகாரமா இருக்கே!" என்ற சிரில், பேராலயத்துக் கடிகாரத்தை யார் பழுது பார்த்தார்கள் என்று தொடங்கிவிட்டார். இரண்டு இருபத்தைந்துக்கு, மழையில் ஒரு கல் இருக்கையில் உட்கார்ந்து எழுந்து, இரண்டு கையாலும் தொடையில் தட்டி "சரி, அப்புறம்!" என்றான். விருந்தாளி இப்படித் தட்டினால் வீட்டுக்காரர் மேல்கோட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். சிரில், "ஆமாமா, குளிருது, நடந்துகிட்டே பேசுவோம்" என்றார். நடக்கவில்லை. பேசினார்.

இரண்டரை. இரண்டே முக்கால். நெவிலின் காலுக்குக் கீழே ஊர் கிடந்தது. இறங்கிவிட்டால் பத்தே நிமிடம், ஓடினால் ஏழு. ஹேசல் இப்போது கெட்டிலைக் கழுவிக்கொண்டிருப்பாள். கதவு திறக்கிறபோதெல்லாம் திரும்பிப் பார்ப்பாளா, மாட்டாளா? 'எம் பொண்ணப் பார்க்கணும், மூணு மணிக்குக் கடைய மூடிருவா, மன்னிச்சுக்குங்க' என்று சொன்னால் அந்தக் கிழவர் கோபித்துக்கொள்வாரா என்ன? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவரே கூட ஓடியிருப்பார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? வாய் வரைக்கும் வந்ததை மென்று மென்று விழுங்கினான். ஒரு வழியாகத் துணிந்து, "மன்னிக்கணும், நாங்க..." என்று ஆரம்பித்தான்.

"வந்தாச்சு, வந்தாச்சு, இதோ வாசல்" என்றார் சிரில்.

படியிறங்கி தெருவுக்கு வந்தபோது இரண்டு ஐம்பத்தாறு. ஓடிவிடலாம், இப்போது கூட ஓடிவிடலாம். சிரில் மேல்கோட்டுக்குள் கைவிட்டு, நெகிழித் தாளில் பொத்தி வைத்திருந்த ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"உங்ககிட்ட வேற ஒண்ணும் வேணாங்க. ரெண்டு வரி மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. ராத்திரில எடுத்து வச்சுப் படிப்பேன்."

ட்ரெவர் எழுதினான். தபால்காரனாக முப்பது வருஷம் அடுத்தவர் எழுதினதைச் சுமந்தவன், தன் பங்குக்கு ஒரு பக்கத்தையே நிரப்பினான். மழையில் பேனா பிடிக்கவில்லை. உதறி உதறி எழுதினான். பிறகு நோட்டை நெவிலிடம் நீட்டினான். "மிகவும் இனிமையான பிற்பகல்" என்று நெவில் எழுதிக்கொண்டிருக்கும்போது பேராலயத்தில் மணி அடிக்க ஆரம்பித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. அவன் "மிக்க நன்றி" என்று எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டு, தேதியும் போட்டான். பாவி மனுஷன், தேதியும் போட்டான்!

சிரில் குடையை ஆட்டிக்கொண்டு திரும்பியதுதான் தாமதம், நெவில் ஓட்டமெடுத்தான்.

"டேய்! எங்கடா ஓடுற? சாப்பிட வேணாமா?" என்று ட்ரெவர் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தான்.

பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை. மழை விட்டதும் எங்கிருந்தோ கூட்டம் கொட்டியிருந்தது. கசாப்புக்காரர்களின் பழைய சந்தில் ஏதோ பொம்மைக் கடைக்கு வரிசை, தெருவையே அடைத்துக்கொண்டு. அந்த வரிசையைக் குறுக்கே பிளந்துகொண்டு போயிருக்கலாம். இந்தக் கழுதை என்ன செய்தான் தெரியுமா? "ஸாரி, நான் வரிசைல நுழையலீங்க, சும்மா அந்தப் பக்கம் போகணும்" என்று முதல் ஆளிடம் கேட்டான். அந்த அம்மாள் முறைத்தாள். இவன் உடனே திரும்பி, அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போனான். வழியில் மோதியவர்களிடமெல்லாம் ஸாரி. தன்மேல் மோதியவர்களிடமும் ஸாரி. ஒரு விளக்குக் கம்பத்தில் தோள் இடித்தது, அதற்கும் ஸாரி. வழிதவறி, ஆற்றங்கரைக்குப் போய், திரும்பி வந்து, ஃபாஸ்கேட்டைப் பிடித்தபோது மணி மூன்று இருபத்தைந்து.

கடை சின்னதுதான். பச்சைக் கதவு. கதவில் பூட்டு. கண்ணாடியில் ஒரு தாள்: "இத்தனை நாள் வந்தவர்களுக்கெல்லாம் நன்றி. ஹேசல்." நெவில் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உள்ளே பார்த்தான். நாற்காலிகளையெல்லாம் கவிழ்த்து மேஜைகள் மேல் ஏற்றியிருந்தது. ஜன்னலோர மேஜையில் மட்டும் ஏற்றவில்லை. அங்கே இரண்டு நாற்காலிகள் இழுத்துப்போட்டபடி இருந்தன, கூடவே குழந்தைகள் உட்காருகிற உயரமான நாற்காலி ஒன்று. மேஜை நடுவில் ஒரு சின்ன அட்டை நின்றது. 'முன்பதிவு செய்யப்பட்டது.'

ட்ரெவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். கண்ணாடியில் இருந்த பெயரைப் படித்தான். நெவிலைப் பார்த்தான். மறுபடி பெயரைப் படித்தான்.

"நம்ம ஹேசலா?"

நெவில் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தான். ட்ரெவர் படிக்கப் படிக்க அவன் முகம் சிவந்தது.

"அட அறிவுகெட்டவனே! இத மடில கட்டிக்கிட்டா காலைலேருந்து எங்கூட சுத்தின? இதுக்காடா வந்தோம்?"

"நீ அந்தச் சுற்றுல ஆசையா இருந்த. கெடுக்க வேணாமேன்னு..."

"ஆசையா? நானா? எனக்கு மணி ஒண்ணுலேருந்து மூட்டு வலி உயிர் போகுதுடா! ஒன்றரைலேருந்து ஒண்ணுக்கு வேற முட்டிக்கிட்டு நிக்குது! நீதான் மாடு மாதிரி தலைய ஆட்டிக்கிட்டு இருந்த. சரி, இவனுக்குப் பிடிச்சுப் போச்சு போலன்னு நான் பல்லக் கடிச்சுக்கிட்டு நடந்தேன்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலையில் அடித்துக்கொள்ளலாமா, வேண்டாமா? இரண்டு பேருக்கும் வேண்டாததை, ஒருவனுக்காக இன்னொருவன் என்று மூன்று மணி நேரம் மழையில் அனுபவித்திருக்கிறார்கள்.

"இதுலதான் நம்பர் இருக்கே. அடி" என்றான் ட்ரெவர்.

"சாமான் கட்டிக்கிட்டு இருப்பா. தொந்தரவா..."

"இப்ப நீ அடிக்கல, நான் உன்ன அடிப்பேன்."

நெவில் அடித்தான். மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் கார் ஓடுகிற சத்தம்.

"ஹேசல்? அப்பா பேசுறேன். தொந்தரவு பண்ணிட்டேனா?"

"அப்பாவா? இல்ல, இல்ல. பென்தான் கார் ஓட்டுறாரு. போல்டன்ல அத்தை வீட்டுக்குப் போயிட்டிருக்கோம்."

"ஓ. சரிம்மா. ஒண்ணுமில்ல, ட்ரெவரோட எதேச்சையா யார்க் பக்கம் வந்தேன். கடை மூடியிருந்துச்சு. பரவாயில்ல."

"அப்படியா. பரவாயில்லப்பா. இன்னொரு தடவை பார்க்கலாம்."

இன்னொரு தடவையாம்! கனடாவுக்குப் போகிறவள் சொல்கிறாள், இவனும் "ஆமாமா, பார்க்கலாம்" என்கிறான். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள். ட்ரெவருக்குப் பொறுக்கவில்லை. போனை வெடுக்கென்று பிடுங்கினான்.

"ஹேசல் கண்ணு, ட்ரெவர் மாமாம்மா. உங்கப்பன் பொய் சொல்றான். எதேச்சையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உன்னப் பார்க்கணும்னுதான் வந்தான். ஒரு கெழவர்கிட்ட 'நாங்க கெளம்புறோம்'னு சொல்லத் துப்பில்லாம மாட்டிக்கிட்டான். இப்ப உன் கடை ஜன்னல்ல மூஞ்சிய வச்சு ஒட்டிக்கிட்டு நிக்கிறான். இந்தா, பேசு."

நெவில் போனை வாங்கிக் காதில் வைத்தான். அந்தப் பக்கம் கார் கண்ணாடி துடைப்பான் போய் வருகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஜன்னலோர மேஜையப் பார்த்தீங்களாப்பா?" என்றாள் ஹேசல்.

"பார்த்தேன்."

"ஆறு சனிக்கிழமையா அதுல யாரையும் உக்கார விடல. கேட்டவங்ககிட்டல்லாம் ஆள் வருதுன்னு சொன்னேன். இன்னிக்கு மூணு பத்து வரைக்கும் பார்த்தேன். சாவி வாங்க ஆள் வந்துட்டாங்க."

"வரச்சொல்லி எழுதியிருக்கலாமேம்மா."

"வர்றேன்னு ஒரு போன் பண்ணியிருக்கலாமேப்பா."

பேத்திக்கு என்று போட்டு வைத்த உயரமான நாற்காலி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"எப்ப விமானம்?" என்றான்.

"திங்கக்கிழமை காலைல, பதினோரு மணிக்கு. மான்செஸ்டர்லேருந்து."

"நான் வர்றேன்."

"அய்யோ, வேணாம்பா, விடிகாலைலயே கெளம்பணும், உங்களுக்கு எதுக்குச் சிரமம்? அந்தப் பக்கம் வேற ஏதாவது வேலை இருந்தா வேணா..."

"அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் இல்ல ஹேசல்" என்றான் நெவில். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கத்தான் சொன்னான். "உன்னப் பார்க்கத்தான் வர்றேன். அதுக்கு மட்டுந்தான் வர்றேன். அன்னிக்கு நான் பேசினது தப்பு. ஸாரிம்மா."

காலையிலிருந்து அவன் அந்த வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான், விளக்குக் கம்பத்திடம்கூடச் சொன்னான். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. ஹேசல் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் காரின் பின்சீட்டிலிருந்து, அப்போதுதான் தூங்கி எழுந்த ஒரு சின்னக் குரல்.

"யாரும்மா அது?"

"உன் தாத்தா" என்றாள் ஹேசல். "நம்மளப் பார்க்கவே வர்றாராம்."